நோட்டில் எழுதாத செலவு

சித்திரை முதல் நாள் எங்கள் வீட்டில் பாயசம் கட்டாயம் உண்டு. அன்று இரவு பன்னிரண்டு மணியோடு விசைப்படகுகளுக்குக் கடல் அடைத்துவிடும். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மண்டபம் வடக்குத் துறையில் படகுகள் விலாவோடு விலா உரசிக்கொண்டு நிற்கும். என் வீட்டுக்காரர் தைக்க வேண்டிய வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஜி.பி.எஸ். கருவியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு வருவார். பாயசக் கிண்ணத்துக்குப் பக்கத்தில், தடைக்காலத்துக்குச் சேர்த்த பணத்தை எழுதும் நீல அட்டை போட்ட கணக்கு நோட்டையும் வைப்பேன். "இந்த வருசம் எம்புட்டு தேறுது?" என்று கேட்பார். 2019ல் எதுவும் தேறவில்லை. தடை முடிய இன்னும் 20 நாள் இருக்கும்போதே என் தோடு அடகுக்குப் போனது. அதைத் திருப்பிய அன்றுதான் இந்த நோட்டை வாங்கினேன்.

நான் பி.காம். படித்தவள். ஊரில் ஒரு ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். இவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவர். எங்கள் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் திங்கள், புதன், சனி மட்டும்தான் கடல். மற்ற நாள் நாட்டுப்படகுகளுக்கு. அந்த மூன்று நாளும் உறுதியில்லை. காற்று எச்சரிக்கை வந்தால் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் தர மாட்டார்கள். எல்லைப் பக்கம் யாராவது பிடிபட்டுவிட்டால் ஊரே வேலைநிறுத்தத்தில் இருக்கும். 2024ல் இவர் கடலுக்குப் போனது மொத்தம் 83 நாள். அந்த 83 நாள் பங்குதான் 366 நாள் சாப்பாடு.

அதனால் மாதக் கணக்கு எங்களுக்கு ஒத்துவராது. சம்பளக்காரர்கள் எழுதிய சிக்கனக் குறிப்புகளைப் படித்துவிட்டு முதல் தேதியில் பணத்தைப் பிரித்துப் பார்த்தேன். எங்களுக்கு முதல் தேதி என்று ஒன்று இல்லை. பிறகு ஒரு நாள் கணக்குக்கு மாறினேன். அரிசி, பருப்பு, எண்ணெய், கேஸ், நல்ல தண்ணீர், மருந்து, சோப்பு, போன் எல்லாம் சேர்த்து மூன்று மாதம் எழுதி, நாட்களால் வகுத்தேன். எங்கள் வீடு ஒரு நாள் நடக்க 340 ரூபாய். 61 நாளுக்கு 20,740. வருடத்துக்கு 80 நாள் கடல் என்று வைத்தால், இவர் கரை திரும்பும் ஒவ்வொரு முறையும் 260 ரூபாய் தடைக்காலத்துக்கு எடுத்து வைக்க வேண்டும். 20,740 என்று நினைத்தால் மலைப்பாக இருக்கும். 260 என்றால் எடுத்து வைத்துவிடலாம். மீன் படாத நாளில் 100, நல்ல பாடு வந்த நாளில் 600. என்னைப் போல் வருமானம் மொத்தமாக வந்து மொத்தமாக நின்றுபோகும் வீடுகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: உங்கள் வீட்டின் ஒரு நாள் விலையைக் கண்டுபிடியுங்கள். உப்பளத்துக்கும், பனையேற்றத்துக்கும், பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கும் இது பொருந்தும்.

தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய் இருக்கிறது. மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் நாம் 1,500 கட்டினால் அரசு 3,000 சேர்த்து 4,500 வரும். இரண்டிலும் பெயர் இருக்க வேண்டும், புத்தகத்தைப் புதுப்பித்து வைக்க வேண்டும். ஆனால் அந்தப் பணத்தை 61 நாள் சாப்பாட்டுக்கு நான் கணக்கில் எடுப்பதில்லை. வந்ததும் வலைக்கோ மருத்துவத்துக்கோ போகும்.

20,740ஐக் குறைக்க என்ன வழி என்று தேடியபோதுதான் கூப்பன் கண்ணில் பட்டது. தடைக்கு முன்பே சாமான் வாங்கி வைக்கப் போகிறோம்; அதைத் தள்ளுபடியில் வாங்கினால் என்ன? ராமநாதபுரத்தில் ஒரு பெரிய கடையில் 1,500 ரூபாய்க்கு வாங்கினால் 75 ரூபாய் கூப்பன் தந்தார்கள். சோப்பு அட்டையில் கூப்பன், டீத்தூள் பாக்கெட்டுக்குள் கூப்பன், செல்போனில் பணம் அனுப்பினால் சுரண்டிப் பார்க்கும் அட்டை. ஒரு தகர டப்பாவில் எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கினேன். முடியும் தேதி நெருங்கினால் பஸ் ஏறிவிடுவேன். மகளிர் இலவசப் பயணம் சாதாரண டவுன் பஸ்ஸுக்கு மட்டும்தான். எனக்கு வாய்க்கும் பஸ் பெரும்பாலும் டிக்கெட் எடுக்க வேண்டிய பஸ்.

2021 கார்த்திகையில், அடைமழை நேரத்தில், அலமாரியைத் திறந்தால் சோப்புத்தூள் மூன்று பாக்கெட் கல்லாக இறுகிக் கிடந்தது. பிஸ்கட் ஒரு பெட்டி நமத்துப் போயிருந்தது. பிள்ளைகள் ஒரு வாய் தின்றுவிட்டுத் துப்பிய ஓட்ஸ், இரண்டு கிலோ. கடற்கரை வீட்டில் காற்றே ஈரம். சுவரில் அடித்த ஆணி ஒரு வருடத்தில் உதிர்ந்துவிடும் ஊர் இது. மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து சோப்புத்தூளை உலக்கையால் தட்டிக்கொண்டே கேட்டார்: "ஏத்தா, சாமானுக்குக் கூப்பன் வாங்குனியா, கூப்பனுக்குச் சாமான் வாங்குனியா?"

அன்று ராத்திரி என் மகளைக் கணக்குப் போடச் சொன்னேன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. அந்த ஒரு வருடத்தில் கூப்பனால் குறைந்தது 4,150 ரூபாய். "பஸ் காசு எழுதலையேம்மா" என்றாள். எழுதினோம், 1,260. "தூக்கிப் போட்டது?" 1,730. மிச்சம் 1,160. ஒரு வருடம் முழுக்க அலைந்து, டப்பா அடுக்கி, பஸ்ஸில் நின்றுகொண்டே போனதற்கு 1,160 ரூபாய். அந்த நோட்டில் நான் எழுதாமல் விட்ட செலவை அவள்தான் முதலில் பார்த்தாள்.

கூப்பனை நான் விட்டுவிடவில்லை. முறையை மாற்றினேன். தடைக்காலத்துக்கு என்ன வேண்டும் என்ற பட்டியலைத் தை மாதமே எழுதி, சுவரில் ஒட்டிவிடுவோம். அதில் இல்லாத பொருளுக்கு எவ்வளவு பெரிய கூப்பன் வந்தாலும் அடுத்த வீட்டு மதினிக்குப் போய்விடும். டவுனுக்கு வேறு வேலை, ஆஸ்பத்திரியோ தாலுகா அலுவலகமோ இருக்கும் அன்றுதான் கடைக்குப் போவது. கடற்கரை வீட்டில் தாங்கும் பொருளை மட்டும்தான் சேர்த்து வைப்பது. குளியல் சோப்பு, துவைக்கிற கட்டிச் சோப்பு இரண்டும் எத்தனை மாதமும் இருக்கும். உறையைப் பிரித்து ஆறவிட்டால் இறுகி, இன்னும் நாள் கூட வரும். பற்பசை, எண்ணெய், புளி, வத்தல் தாங்கும். எங்கள் ராமநாதபுரம் குண்டு மிளகாயைக் காய்ந்த மணம் வரும் நாளில் வாங்கி, மறுபடி ஒரு வெயில் காட்டித் தூக்குவாளியில் அமுக்கி மூடினால் வருடம் ஓடும். துவரம்பருப்புக்கு விளக்கெண்ணெய் தடவி வெயிலில் போட்டு எடுப்போம், வண்டு வராது. அரிசிக்குக் காய்ந்த வேப்பிலை. தூளாக இருப்பது, மொறுமொறுப்பாக இருப்பது எதையும் சேர்த்து வைக்க மாட்டேன். 2023-24ல் கூப்பன் 3,600, பஸ் 420, வீணானது 90. மிச்சம் 3,090.

அப்போதும் கூப்பன்தான் எங்கள் நோட்டில் கடைசி இடம். முதல் இடம் ரேஷன். மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல், துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, சர்க்கரை கிலோ 25. வாங்காமல் விடும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. ரேஷன் புழுங்கல் அரிசியை மூன்று தண்ணீர் கழுவி, அரை மணி ஊறவைத்துக் கஞ்சி வைத்தால், சுட்ட கருவாட்டோடு அதற்கு ஈடில்லை.

இரண்டாம் இடம் அந்தக் கருவாடு. நெத்திலி மலிந்து கரையில் கேட்பாரில்லாத நாள் ஒன்று மாசி, பங்குனியில் வரும். அன்று பத்து, பதினைந்து கிலோ வாங்கி, மணலில் கொட்டாமல் பழைய வலையை மூங்கிலில் இழுத்துக் கட்டி, அதன்மேல் பரப்புவோம். சின்ன நெத்திலிக்கு உப்பே வேண்டாம். இரண்டு நல்ல வெயில் போதும். மகள் நிறுத்துப் பார்த்தாள்: பச்சையில் 4 கிலோ, காய்ந்தபின் 1 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே. "மூணு கிலோ எங்கம்மா போச்சு?" என்று அவள் கேட்டதில் இருந்து ஆவியாதல், உப்பு ஏன் கெடாமல் காக்கிறது, மழையில் ஏன் காயாது என்று ஒரு வாரப் பாடம் போயிற்று.

பாடம் என்றதும் பிள்ளைகள் படிப்பைச் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளி மூடியபோது மகள் இரண்டாம் வகுப்பு, தனியார் பள்ளி. ஜூன் மாதம் ஆன்லைன் வகுப்பு என்றார்கள். வீட்டில் இருந்தது ஒரே செல்போன். அது இவரோடு கடலுக்குப் போய்விடும். வகுப்பில் உட்காராத பிள்ளைக்கும் 18,000 ரூபாய் கட்டணம் கேட்டார்கள். சின்னவனுக்கு ஐந்து வயது, அவனைச் சேர்த்தால் இன்னொரு 18,000. கட்ட முடியவில்லை. அந்த வருடம் வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று முடிவெடுத்தோம். 2021 நவம்பரில் சின்ன வகுப்புகள் திறந்தபோதும் அனுப்பவில்லை. அதற்குக் காரணம் சின்னவன். அவனுக்கு எழுத்து பிடிபடவில்லை. ஆறு வயதிலும் 'ழ'வும் 'ள'வும் கலங்கும், 'கா'வில் காலை விட்டுவிடுவான். இவன் வகுப்பில் போய் மக்கு என்ற பெயரோடு உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கல்வி உரிமைச் சட்டம் 2009, 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி என்கிறது. வீட்டில் கற்பிப்பது பற்றி அதில் தனியாக ஒன்றும் எழுதவில்லை. செய்யலாம் என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. என்.ஐ.ஓ.எஸ். என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் 14 வயதானால் நேராகப் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். நம் மாநிலத்திலேயே பன்னிரண்டரை வயது நிரம்பினால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். இந்த வழிகள் இருப்பது தைரியம் தந்தது. நாங்கள் அந்த வழியில் போகவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

புத்தகத்துக்குச் செலவே இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தெருவில் மேல்வகுப்புக்குப் போன பிள்ளைகளின் பழைய புத்தகங்களையும் வாங்கிக்கொண்டோம். காலை ஆறு மணி முதல் எட்டரை வரை, வெயில் ஏறுவதற்குள், எழுத்து வேலை. ஊர்ப்புற நூலகத்தில் வாரம் மூன்று புத்தகம். இல்லம் தேடிக் கல்வி மையம் தெருவில் தொடங்கியபோது அந்தத் தன்னார்வலப் பெண் என் பிள்ளைகளையும் உட்காரவிட்டார். அந்த உதவியை மறக்க மாட்டேன். மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1971ல் கொச்சிக்கு மாறும்வரை அதன் தலைமையிடமே இங்கேதான். பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட ஒரு நாள் கூட்டிப் போனேன். தினம் அப்பா கொண்டுவரும் மீனுக்கு இன்னொரு பெயரும் இருக்கிறது என்று அங்கேதான் பிள்ளைகளுக்குத் தெரிந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் சின்னவன் அன்றைக்கு வரைபடத்தில் விரல் வைத்து எண்ணினான்.

கூப்பன்தான் எங்கள் தமிழ் வாசிப்புப் பாடமாகவும் ஆனது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் நிபந்தனைகளை மகள் வாய்விட்டு வாசிக்க வேண்டும். 'உட்பட' என்றால் என்ன, 'நீங்கலாக' என்றால் என்ன, '31ஆம் தேதி வரை' என்றால் 31 சேருமா சேராதா, 'அல்லது' வருகிற இடத்தில் 'மற்றும்' வந்திருந்தால் என்ன ஆகும். அரிசி, எண்ணெய், சர்க்கரை நீங்கலாக என்று போட்டிருந்த ஒரு கூப்பனை வாசித்துவிட்டு, "அம்மா, நாம வாங்குறதெல்லாம் நீங்கலாக்குள்ள இருக்கு" என்றாள். அந்தக் கூப்பனை அங்கேயே கிழித்தோம். நாளைக்கு ஒரு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போதும் அவள் இப்படித்தான் வாசிப்பாள்.

கணக்குக்கும் அதுவே. 1,500க்கு 75 என்றால் நூற்றுக்கு 5 என்று நான் நினைத்திருந்தேன். அந்த 75ஐச் செலவழிக்க மறுபடி 1,000 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்று நிபந்தனை. 2,500க்கு 75, நூற்றுக்கு 3தான். 'இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்' என்பது பாதி விலை இல்லை, மூன்றில் ஒரு பங்கு குறைவு. '50 சதவீதம் கூடுதல்' என்பதும் அதே மூன்றில் ஒன்றுதான். பாக்கெட்டில் எம்.ஆர்.பி.க்குப் பக்கத்தில் ஒரு கிராமுக்கு, ஒரு மில்லிக்கு எவ்வளவு என்று சின்னதாகப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்று நம்பக் கூடாது. ஷாம்புவில் பாட்டிலைவிட ஒரு ரூபாய்ச் சாஷே மலிவாக இருந்ததை இருவரும் மூன்று கடையில் எழுதிக்கொண்டு வந்தார்கள். 2025 செப்டம்பர் 22ல் சோப்பு, பற்பசை, ஷாம்புக்கு ஜி.எஸ்.டி. 18லிருந்து 5 ஆனபோது, விலை நூற்றுக்கு 13 குறையும் என்று சின்னவன் சொன்னான். 118 ரூபாய் சாமான் 105 ஆகும், குறைவது 118ல் 13, அதாவது 11தான் என்று அக்கா திருத்தினாள். எந்த விலைமேல் சதவீதம் என்று கேட்காமல் கணக்குப் போடக் கூடாது என்று அவள் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறாள்.

செல்போன் சுரண்டல் அட்டைகளைப் பற்றி ஒன்றே ஒன்று. பரிசு வந்திருக்கிறது, ரகசிய எண்ணைப் போடு என்று வந்தால் போடாதீர்கள். பணம் வாங்குவதற்கு எண் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் உடனே 1930க்குக் கூப்பிட வேண்டும். எங்கள் தெருவில் ஒரு தடைக்காலப் பணம் முழுவதும் அப்படித்தான் போயிற்று.

தடைக்காலம் வந்தால் வாத்தியார் மாறிவிடுவார். பத்து மாதம் பிள்ளைகள் தூங்கும்போது கிளம்பி, தூங்கும்போது வருகிற மனிதர், 61 நாள் வீட்டில் இருக்கிறார். வேப்பமரத்தடியில் வலை பொத்துவார்கள். கண்ணி அளவு எடுப்பது, கிழிசலுக்கு எத்தனை கண்ணி வேண்டும் என்று எண்ணுவது எல்லாம் மகள் வேலை. கச்சான் என்கிற மேல்காற்றும் வாடையும் எந்த மாதம், கடல் ஏத்தம் வத்தம் அமாவாசையில் ஏன் கூடுகிறது, ஒரு பாகம் ஆழம் என்றால் ஏன் ஆறடி. பங்குக் கணக்கும் அப்படித்தான் வந்தது. மீன் 83,500க்கு விற்றது. டீசல், ஐஸ், சாப்பாடு 46,000. மிச்சம் 37,500. எங்கள் படகில் அதில் ஐந்தில் மூன்று படகுக்கு, இரண்டு ஆட்களுக்கு. 15,000. ஐந்து பேர் போகிறார்கள், டிரைவருக்கு மட்டும் இரண்டு பங்கு, ஆக ஆறு பங்கு. பங்குக்கு 2,500. பின்னம் என்றால் அழுத பிள்ளை, அப்பாவுக்கு அன்றைக்கு எவ்வளவு வந்தது என்று தெரிந்துகொள்ளவே பின்னம் கற்றுக்கொண்டாள்.

சின்னவன் வாசிக்கத் தொடங்கியதும் ஒரு தடைக்காலத்தில்தான், அவனுக்கு எட்டு வயது. ஜி.பி.எஸ். திரையில் எண்கள் தெளிவாகத் தெரிந்தன, எழுத்தைவிட எண் அவனுக்கு இணக்கம். பாகை என்றால் டிகிரி, அதில் அறுபதில் ஒரு பங்கு கலை என்று அப்பா சொல்லிக் கொடுத்தார். வடக்கு நோக்கி ஒரு கலை நகர்ந்தால் ஒரு கடல் மைல், 1.852 கிலோமீட்டர். கரை 9 பாகை 17 கலை, வலை போட்ட இடம் 9 பாகை 25 கலை என்றால் 8 கடல் மைல், ஏறக்குறைய 14.8 கிலோமீட்டர். ஒரு நாள் அவனாகவே கேட்டான், "அப்பா, நேரா வடக்கே போய்க்கிட்டே இருந்தா?" 360 பாகை, ஒவ்வொன்றிலும் 60 கலை, 21,600 கடல் மைல். 1.852ஆல் பெருக்கினான், அக்கா உதவியோடு. 40,003 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு என்று பாடப் புத்தகத்தில் ஏறக்குறைய அதே எண்ணைக் காட்டினேன். அந்தப் பக்கத்தை அவனே எழுத்துக் கூட்டி வாசித்தான். அவன் முழுதாக வாசித்த முதல் பக்கம் அது. இவர் வலையை மடியில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

இதெல்லாம் உண்மை. ஆனால் வீட்டில் படிக்கவைப்பது சிக்கனம் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இதை ஆசையோடு கேட்க வருகிற தாய்மார்களிடம் நோட்டைத்தான் காட்டுகிறேன். பிள்ளைகளோடு இருப்பதற்காக ஐஸ் கம்பெனியில் முழுநாள் வேலையை அரைநாளாக்கிக்கொண்டேன். மாதம் 3,500 குறைந்தது, வருடத்துக்கு 42,000. மிச்சம் பிடித்ததாக நினைத்த பள்ளிக் கட்டணம் இரண்டு பேருக்கும் சேர்த்து 36,000. மூன்று வருடம் அந்த 42,000ஐ நான் செலவுப் பக்கத்தில் எழுதவே இல்லை. என் நேரத்துக்கு விலை போடும் பழக்கம் எனக்கு இல்லாமல் போனதுதான் காரணம். அதையும் மகள்தான் கேட்டாள். "பஸ் காசு எழுதுனோம்ல, உன் சம்பளத்த ஏன்மா எழுதல?" எனக்குப் பதில் வரவில்லை. அன்று எழுதினேன்.

அரசுப் பள்ளியோடு ஒப்பிட்டால் இன்னும் கூடுதல் இழப்பு. அங்கே கட்டணம் இல்லை. புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு, முட்டை எல்லாம் இலவசமாகத் தருகிறார்கள். 2022ல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இப்போது ஐந்தாம் வகுப்பு வரை இருக்கிறது. இவை அன்றாடச் செலவு. ஆறாம் வகுப்புக்கு மேலே போனால் பெரிய கணக்கு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்பிள்ளை கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். ஆண்பிள்ளைக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். என் மகள் டாக்டராவாளா என்று எனக்குத் தெரியாது. அந்தக் கதவை அவள் கேட்பதற்கு முன்னாலேயே நான் சாத்திவிடக் கூடாது. அதனால் ஐந்தாம் வகுப்பு வயது வரை வீடு, ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி என்று இரண்டு பேருக்கும் முடிவு செய்தோம்.

சேர்க்கும்போது அலைச்சல் இருந்தது. பழைய பள்ளி பாக்கிக் கட்டணத்தைச் சொல்லி டி.சி. தரவில்லை. டி.சி. இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். தலைமையாசிரியருக்கும் அது தெரிந்திருந்தது. சிக்கியது எமிஸ் என்ற மாணவர் பதிவு எண்ணில். பழைய பள்ளி அந்த எண்ணைப் பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். பாக்கியைத் தவணையாகக் கட்டி, மூன்று முறை நடந்து விடுவிக்க வைத்தோம். பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துகிறவர்கள் அன்றே டி.சி.யை வாங்கி, எமிஸ் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். செல்வமகள் கணக்கையும் மகளுக்குப் பத்து வயது முடிவதற்குள் அஞ்சலகத்தில் தொடங்கிவிடுங்கள். வருடத்துக்கு 250 ரூபாய் கட்டினால்கூடக் கணக்கு உயிரோடு இருக்கும்.

2023 ஜூன் 12, பள்ளி திறந்த நாள். தடை முடிய இரண்டு நாள் இருந்தது. இவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மகளை நடத்திக் கூட்டிப் போனார். காலாண்டுத் தேர்வில் கணக்கில் 88, அறிவியலில் 41. எல்லாம் தெரிந்தும் நேரத்துக்குள் எழுதி முடிக்க வரவில்லை. மணி பார்த்து எழுதும் பழக்கத்தை நான் கொடுக்கவே இல்லை. பேப்பரைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வந்து அப்பத்தா மடியில் கிடந்து அழுதாள். வகுப்பில் கை தூக்கிச் சந்தேகம் கேட்க அவளுக்கு ஒரு வருடம் பிடித்தது. இப்போது எட்டாம் வகுப்பு. இரண்டு தோழிகள் சனிக்கிழமை தோறும் வருகிறார்கள், எங்கள் வீட்டில் அவ்வளவு சத்தம் முன்பு கிடையாது. சின்னவனுக்கு வாரம் ஒரு முறை, வெள்ளிக்கிழமை காலை, மணி வைத்து 45 நிமிடம் எழுதும் தேர்வு நடத்துகிறேன். தெருப் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட உட்காரவைக்கிறேன், பக்கத்தில் ஆள் இருக்க எழுதிப் பழகட்டும் என்று.

வருகிற ஜூனில் அவன் ஆறாம் வகுப்பு. ஆதார், பிறப்புச் சான்று, புகைப்படம் மூன்றையும் பழைய கூப்பன் டப்பாவில் வைத்திருக்கிறேன். தடைக்காலப் பட்டியல் இந்த வருடமும் சுவரில் ஒட்டியாயிற்று. பருப்பு, எண்ணெய், கட்டிச் சோப்புக்கு நேராக மகள் மூன்று கடை விலையையும் எழுதிவிட்டாள். சின்னவன் பட்டியலை விட்டுவிட்டு நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். பள்ளி என்றைக்குத் திறக்கும் என்று தினமும் கேட்கிறான். 14ஆம் தேதிக்கு முன்னால் திறந்துவிட்டால் அப்பா கூட்டிப் போவார்.